சிங்க் வளைவுக்குள்ள நிக்கிற தண்ணீர்

போன மாசி மாதம் எங்கட குசினி சிங்க் அடைச்சுக்கொண்டது. சோத்துக் கஞ்சி, தேங்காய்ச் சக்கை, பொரிச்ச எண்ணெய் எல்லாம் அதுக்குள்ளதான் போகுது, அடைக்காமல் என்ன செய்யும்? வந்த பைப் வேலைக்காரர் குனிஞ்சு பார்த்துப்போட்டு, "தம்பி, இந்த வளைவுதான் பிரச்சினை. இதிலதான் எல்லாம் தேங்கி நிக்குது" எண்டார். வளைவைக் கழற்றி எறிஞ்சுபோட்டு நேர்ப் பைப் ஒண்டைப் பூட்டினார். தண்ணீர் சர்ரெண்டு போச்சு. எல்லாருக்கும் சந்தோசம். மூன்றாம் நாள் இரவு குசினிக்குள்ள போக ஏலாத மணம். நாலாம் நாள் கரப்பான்கள்.

அந்த மனிசனில நான் பிழை சொல்லமாட்டன். பார்க்கிற எவருக்கும் அந்த வளைவு தேவையில்லாத ஒண்டாத்தான் தெரியும். அது ஏன் அங்க இருக்கு எண்டு தேடப்போன இடத்தில் ஒரு நீண்ட கதை கிடைச்சது.

அலெக்சாண்டர் கமிங் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர், மணிக்கூடு செய்பவர். மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்கே மணிக்கூடு செய்து கொடுத்தவர். 1775இல் தண்ணீர் ஊற்றிக் கழுவும் மலசலகூடம் ஒன்றுக்கு அவர் காப்புரிமை பெற்றார். அதன் அடிக்குழாயை ஆங்கில எழுத்து 'எஸ்' போல வளைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் கடைசியாகப் போகும் தண்ணீரில் கொஞ்சம் அந்த வளைவுக்குள்ளேயே தங்கிவிடும். 2, 3 அங்குலத் தண்ணீர்தான். ஆனால் குழாயின் மறுபக்கத்துக் காற்று அதைத் தாண்டி வீட்டுக்குள் வராது. ஏறக்குறைய 200 வருசம் முந்தியே எலிசபெத் அரசியின் காலத்தில் ஜோன் ஹரிங்டன் தண்ணீர் மலசலகூடம் செய்தவர்தான், ஆனால் அதில் இந்த வளைவு இல்லை. கமிங் அதோடு சேர்த்துச் செய்த தட்டு வால்வு ஒழுகியது. 3 வருசத்தில் ஜோசப் பிராமா அதைத் திருத்திவிட்டார். வளைவு மட்டும் இன்றைக்கும் எங்கட சிங்குக்குக் கீழ இருக்கு.

அதுக்குப் பிறகு லண்டனில் நடந்தது பெரிய கூத்து. வீட்டுக்கு வீடு தண்ணீர் மலசலகூடம் வந்தது, அந்தத் தண்ணீர் எல்லாம் தேம்ஸ் ஆற்றில் போய் விழுந்தது. 1858 கோடையில் ஆறு நாறி, பாராளுமன்றத்தின் யன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் நனைத்துத் தொங்கவிட வேண்டி வந்தது. பணம் ஒதுக்கமாட்டம் எண்டு இழுத்தடிச்சவர்களுக்குத் தங்கட மூக்கிலயே பட்ட பிறகுதான் புத்தி வந்தது. ஜோசப் பசல்ஜெட்டின் நிலக்கீழ் வாய்க்கால்கள் அப்படித்தான் கட்டப்பட்டன.

அந்தக் காலத்தவர்கள் கெட்ட மணம்தான் நோய் என்று நம்பினார்கள். கொலரா தண்ணீரால் பரவுகிறது என்று டொக்டர் ஜோன் ஸ்னோ 1854இலேயே சோகோவின் ஒரு தண்ணீர்ப் பம்பை வைத்துக் காட்டியும் பெரும்பாலோர் கேட்கவில்லை. 1871இல் வேல்ஸ் இளவரசர், பின்னால் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர், ஸ்காபரோவில் ஒரு மாளிகையில் தங்கிவிட்டு வந்து தைபொயிட்டில் படுத்தார். அதே மாளிகையில் தங்கிய பிரபு ஒருவரும் ஒரு குதிரைக்காரரும் செத்தார்கள், இளவரசர் தப்பினார். பழி வாய்க்கால் காற்றில் விழுந்தது. பணக்காரர்கள் பயந்துபோய்த் தங்கள் வீட்டுக் குழாய்களைத் தோண்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். வளைவும், கூரைக்கு மேலே போகும் காற்றுக்குழாயும் நல்ல வீட்டின் அடையாளமாகின. உண்மையில் தைபொயிட் வருவது அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும். பிழையான காரணத்துக்காகச் சரியான வேலையைச் செய்திருக்கிறார்கள்.

காற்றுக்குழாய் ஏன் எண்டு கேட்கலாம். சிங்க் நிறையத் தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டால், அது போற வேகத்தில் வளைவில் நிற்கிற தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். 'குளுக், குளுக்' எண்டு கேட்கிற சத்தம் அதுதான். எங்கட பக்க வீடுகளில் பெரும்பாலும் சிங்குக்குக் காற்றுக்குழாய் வைக்கிறதே இல்லை. கடைசியில் ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டால் வளைவு திரும்ப நிரம்பிவிடும்.

வாய்க்கால் காற்றுக்குப் பயப்பட்டதைப் பழங்காலத்து மூடத்தனம் எண்டு சிரிச்சுவிட்டுப் போகலாம் எண்டால், 2003 குறுக்க நிக்குது. ஹொங்கொங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடித் தொகுதியில் சில வாரங்களுக்குள் 300க்கு மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் வந்தது. 40க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விசாரித்தவர்கள் கடைசியில் குளியலறைத் தரைக் குழாய்களில் வந்து நின்றார்கள். மக்கள் குளியலறைக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே வந்ததால் பல வீடுகளில் வளைவு காய்ந்து போயிருந்தது. காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியைப் போட்டதும், நோயாளி ஒருவரின் கழிவு போன பொதுக் குழாயிலிருந்து ஈரத்துளிகள் மற்ற வீடுகளுக்குள் இழுபட்டிருக்கின்றன. இல்லாமல் போனது ஒரு கோப்பைத் தண்ணீர்.

எங்கட அம்மம்மாவின் குசினியில் சிங்க் இல்லை, குழாயும் இல்லை, அதால வளைவும் தேவைப்படேல்ல. கிணத்தடியில் சாம்பலும் தும்பும் போட்டுச் சட்டி தேய்ப்பா, தண்ணீர் வாய்க்காலால் ஓடி வாழைக்குப் போகும். இப்ப அதே வளவுக்குள்ள சிங்க் பைப் ஒரு மூடின கிடங்குக்குள்ள போய் முடியுது. யாழ்ப்பாணத்தில் லண்டன் மாதிரிப் பொது நிலக்கீழ் வாய்க்கால் கிடையாது. கீழே இருப்பது வெடிப்பும் துவாரமும் உள்ள சுண்ணாம்புக்கல். கிடங்குக்குள் விடுவது கிணற்றுக்குப் போகக் கனநாள் எடுக்காது. கோஸ்டிக் சோடாவை அள்ளிக் கொட்டமுன்னம் இதை ஒருக்கா யோசியுங்கோ. அது கையையும் கண்ணையும் எரிக்கும். அசிட்டோடு சேர்ந்தால் கொதிச்சுத் தெறிக்கும்.

அடைப்பெடுக்க முதல் எடுக்க வேண்டியது இறப்பர் பம்ப். 1870களில் அமெரிக்காவில் வந்த சாமான் இது. அதே பத்தாண்டில்தான், 1876இல், பிரேசில் இறப்பரின் கன்றுகள் கம்பஹாவுக்குக் கிட்ட ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. சிங்கில் கொஞ்சத் தண்ணீரை நிற்கவிட்டு, மேல் ஓட்டை இருந்தால் ஈரத்துணியால் அடைச்சுப்போட்டு அமத்த வேண்டும். அதுவும் சரிவரேல்லையெண்டால் கீழே வாளியை வைச்சு வளைவைக் கையால் கழற்றிக் கழுவலாம், பத்து நிமிச வேலை. அதுக்கும் அங்கால அடைச்சிருந்தால் கம்பிச் சுருள்தான். அமெரிக்காவின் அயோவாவில் சாமுவேல் பிளாங்க் என்பவர் மகன் வீட்டு அடைப்பை எடுக்க, உடுப்புத் தோய்க்கிற மெசின் மோட்டரையும் சில்லுச் சப்பாத்தின் சில்லுகளையும் பூட்டித்தான் சுழலும் கம்பி மெசினைச் செய்தார்.

எண்ணெயைச் சிங்கில் ஊத்தாதேங்கோ. நுவரெலியாவில் இருக்கிறவைக்கு இது தெரியும், அங்க தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளயே கட்டியாகிவிடும், பைப்புக்குள்ள கேட்கவா வேணும்.

120 ரூபாய் வடிதட்டு ஒண்டும் புது வளைவு ஒண்டும் வாங்கி நானே பூட்டினன். முதல் நாள் ஒழுகினது, வொஷரைத் திருப்பிப் போட்டபிறகு நிண்டது. பக்கத்தில் மாமாவின் வீடு பூட்டிக் கிடக்கு, அவர் கனடாவில். வெள்ளிக்கிழமையில் அம்மா அங்க விளக்கு வைக்கப் போவா. இப்ப போகேக்க ஒரு வாளித் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போய், குசினிச் சிங்க், இரண்டு பாத்ரூம் எண்டு ஒவ்வொண்டிலும் ஒரு செம்பு ஊத்திப்போட்டுத்தான் கதவைப் பூட்டுறா.