பழைய நகலை எவ்வளவு நேரம் நம்பலாம்?

பாஸ்புக்கில் இருப்பு ஐயாயிரம் ரூபாய் என்று அச்சாகியிருக்கும். நேற்று இரவு ஏ.டி.எம்.மில் எடுத்த இரண்டாயிரம் அதில் இருக்காது. பாஸ்புக் பொய் சொல்லவில்லை. அச்சடித்த அன்று எது உண்மையோ அதைத்தான் சொல்கிறது. உண்மையான கணக்கு வங்கியின் பேரேட்டில் இருக்கிறது, கையில் இருப்பது வெறும் நகல். வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போட்டுப் பழகிய வணிகவியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல.

இதே தலைவலி கணினி வலையமைப்புகளிலும் நாற்பது ஆண்டுகளாக உண்டு. ஒருவர் பொதுவான ஒரு கோப்பைத் திருத்திச் சேமிக்கிறார். பக்கத்து அறையில் இருப்பவர் அதைத் திறந்தால் பழையதே வருகிறது. அந்தப் பழைய நகலிலேயே அவரும் ஏதோ திருத்திச் சேமித்துவிட்டால்? முதலாமவரின் உழைப்பு போயே போச்சு! இதைத் தீர்க்க நடந்த முயற்சிகளின் கதை இது.

மறதிக்கார சர்வர்

1980களின் தொடக்கத்தில் ஹார்ட் டிஸ்க் விலை மிக அதிகம். அதனால் ஒரு பெரிய டிஸ்க்கை ஒரு சர்வரில் வைத்து, பல கணினிகள் வலையமைப்பு வழியாக அதைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் வந்தது. 1982ல் தொடங்கப்பட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் டிஸ்க்கே இல்லாத கணினிகளையும் விற்றது. அவற்றுக்காக அது 1985ல் வெளியிட்டதுதான் என்.எஃப்.எஸ். எனப்படும் நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்.

ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சர்வரிடம் போனால் வேலை நகராது. அதனால் ஒவ்வொரு கணினியும் படித்ததன் நகலைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டது. இதற்குப் பெயர்தான் கேச்.

என்.எஃப்.எஸ். சர்வரிடம் ஒரு விசித்திரமான குணம் இருந்தது. யார் எந்தக் கோப்பைப் படித்தார்கள் என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளாது. இது கவனக்குறைவு அல்ல, வேண்டுமென்றே செய்த முடிவு. நினைவில் எதுவும் இல்லாவிட்டால், சர்வர் படுத்து எழுந்தாலும் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. பதில் வராத கணினி மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கும். சர்வர் எழுந்ததும் பதில் வந்துவிடும். அவ்வளவு எளிமை!

ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது. யாரிடம் நகல் இருக்கிறது என்றே தெரியாத சர்வர், கோப்பு மாறிவிட்டது என்று யாருக்குச் சொல்லும்? அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு கணினிகளின் தலையில் விழுந்தது. கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று சர்வரிடம் கேட்க வேண்டும். அதையும் ஓயாமல் கேட்டால் நெரிசல். எனவே ஒருமுறை கிடைத்த பதிலைச் சிறிது நேரம் நம்புவது என்று ஏற்பாடு. வழக்கமான அமைப்பில் ஒரு கோப்பின் விவரத்தைக் குறைந்தது 3 விநாடி, அதிகபட்சம் 60 விநாடி நம்பலாம். கோப்புறை என்றால் 30 முதல் 60 விநாடி வரை. அந்த இடைவெளியில் ஒருவர் பார்ப்பது பழையதாக இருக்கலாம்.

கடிகாரமும் சில நேரம் காலை வாரியது. மாறிய நேரத்தை முழு விநாடியாக மட்டும் குறித்துவைத்த கோப்பு முறைமைகள் உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்3 அப்படிப்பட்டது. ஒரே விநாடிக்குள் ஒரு கோப்பு இரண்டு முறை மாறினால், இரண்டாவது மாற்றம் நடந்ததே மற்ற கணினிக்குத் தெரியாமல் போகலாம்.

சொல்லி அனுப்பும் சர்வர்

அதே காலத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து ஆண்ட்ரூ திட்டத்தை நடத்தின. வளாகத்தின் ஆயிரக்கணக்கான கணினிகளுக்கும் ஒரே கோப்பு முறைமை என்பது கனவு. அதன் முக்கிய வடிவமைப்பாளர்களில் ஒருவர் மகாதேவ் சத்யநாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டுப் போனவர்.

அவர்களின் முதல் வடிவத்தில், கணினி முழுக் கோப்பையும் தன் டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் "என்னிடம் இருப்பது செல்லுமா?" என்று சர்வரிடம் கேட்கும். அளந்து பார்த்தபோது, சர்வருக்கு வந்த அழைப்புகளில் பெரும்பகுதி இந்தக் கேள்விதான்! பதிலும் பெரும்பாலும் "செல்லும்" என்பதுதான். ஒரு சர்வரால் சுமார் 20 கணினிகளைத்தான் தாங்க முடிந்தது.

இரண்டாவது வடிவத்தில் பொறுப்பை அப்படியே திருப்பிப் போட்டார்கள். "நீ கேட்க வேண்டாம். கோப்பு மாறினால் நானே சொல்லி அனுப்புகிறேன்" என்று சர்வர் வாக்குக் கொடுக்கும். இதன் பெயர் கால்பேக். 1988ல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, இப்படி மாற்றிய பிறகு ஒரு சர்வர் சுமார் 50 கணினிகளைத் தாங்கியது.

ஆனால் வாக்குக் கொடுத்தவருக்கு நினைவாற்றல் வேண்டும். சர்வர் செயலிழந்தால் யார் யாருக்கு வாக்குக் கொடுத்தோம் என்ற பட்டியலும் போய்விடும். வலையமைப்பு அறுந்தால் சேதி போய்ச் சேராது. இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால், கடைசியாக மூடியவரின் பிரதிதான் நிற்கும்.

பெர்க்லியில் ஜான் ஔஸ்டர்ஹௌட்டின் குழு உருவாக்கிய ஸ்ப்ரைட் அமைப்பு இன்னும் கறாரானது. பலர் திறந்து வைத்திருக்கும் கோப்பில் ஒருவராவது எழுத வந்தால், அந்தக் கோப்புக்கு மட்டும் எல்லா நகல்களும் ரத்து. எல்லோரும் நேராக சர்வரிடம்தான் போக வேண்டும். இப்படி நடப்பது அபூர்வம் என்பதால் அந்த வேகக் குறைவு ஏற்கத்தக்கது என்பது அவர்கள் வாதம்.

குத்தகை

1989ல் கேரி கிரே, டேவிட் செரிட்டன் இருவரும் ஒரு நடுவழி சொன்னார்கள். வாக்குக் கொடு, ஆனால் தவணை வைத்துக் கொடு! பெயரே குத்தகைதான். தவணைக்குள் மாற்றம் வந்தால் சர்வர் முதலில் குத்தகைதாரரின் சம்மதம் பெற வேண்டும். குத்தகைதாரர் காணாமல் போய்விட்டால்? தவணை முடியும்வரை காத்திருந்தால் போதும். நிலக் குத்தகை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

என்.எஃப்.எஸ்.ஸும் மெல்ல மாறியது. 1995ல் வந்த மூன்றாம் பதிப்பு, நகல் இன்னும் செல்லுமா என்று கண்டுபிடிக்கக் கூடுதல் விவரங்களைத் தந்தது. 2000ல் முதலில் வெளியாகி 2003ல் திருத்தப்பட்ட நான்காம் பதிப்பில், மறதிக்கார சர்வர் ஒருவழியாக நினைவில் வைத்துக்கொள்ளத் தொடங்கியது. குத்தகையும் வந்தது. கடிகாரத்தை நம்பாமல், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாறும் ஓர் எண்ணும் வந்தது. மறதியே பலம் என்று தொடங்கிய அமைப்பு இந்த இடத்துக்கு வர 15 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

முடிந்ததா?

இல்லை. விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த எஸ்.எம்.பி. இரண்டாம் பதிப்பில், "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்ற பதிலைக்கூட 5 விநாடி சேமித்துவைக்கும் வழக்கம் இருந்தது. சர்வரில் கோப்பு வந்துவிட்டிருக்கும், கணினியோ இல்லவே இல்லை என்று சாதிக்கும்! 2006ல் தொடங்கிய அமேசான் எஸ்3 சேமிப்பிலும், மாற்றி எழுதியதைப் படித்தால் சில நேரம் பழையது வரலாம் என்ற நிலை 2020 டிசம்பர் வரை நீடித்தது.

இத்தனை பேர் யோசித்தும் கேள்வி ஒன்றேதான். மாறிவிட்டதா என்று கேட்பது யார் பொறுப்பு? சொல்வது யார் பொறுப்பு? அதுவரை நகலை எவ்வளவு நேரம் நம்பலாம்? நகல் இருந்தால் வேகம் கிடைக்கும், கூடவே பழையதைப் பார்க்கும் ஆபத்தும் வரும். ஒவ்வொரு வடிவமைப்பும் அந்த ஆபத்துக்கு ஒரு விலை வைத்தது, அவ்வளவுதான். அந்த விலை தெரியாமல் பயன்படுத்துகிறவர்தான் ஒருநாள் தன் கோப்பைத் தேடுகிறார், பாஸ்புக்கை நம்பிச் செக் எழுதியவர் வங்கியில் திகைத்து நிற்பதைப் போல!