காரூரா முதல் கருவி வரை: மூச்சிலும் சிறுநீரிலும் நோயின் தடயம்

அரபு மொழியில் நண்டுக்கும் புற்றுநோய்க்கும் ஒரே பெயர்: சரத்தான். கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்தக் குழாய்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றியதால் கிரேக்க மருத்துவர்கள் அவ்வாறு அழைத்தனர்; அரபு மருத்துவர்களும் அதையே ஏற்றனர். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கொர்தோவாவுக்கு அருகில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அஸ்-ஸஹ்ராவி, இந்நோய் குறித்து ஒளிவுமறைவின்றி எழுதினார். தொடக்க நிலையில், முழுவதும் அகற்றக்கூடிய இடத்தில் இருந்தால் வெட்டி எடுக்கலாம். முற்றிப் பெருத்தபின் தாம் எவரையும் குணப்படுத்தியதில்லை, குணப்படுத்தியவரைக் கண்டதுமில்லை என்றார். இன்று சிகிச்சைகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. எனினும் நோயை முன்கூட்டியே அறிவதன் அருமை குறையவில்லை.

உடலுக்குள் மறைந்திருப்பதை வெளியிலிருந்து அறிவது எப்படி? உடல் வெளியேற்றுவதை ஆராய்வதே அன்றைய மருத்துவர்கள் கண்ட வழி. துனீசியாவின் கைரவான் நகரில் பணியாற்றிய யூத மருத்துவர் இஸ்ஹாக் இப்னு சுலைமான், சிறுநீருக்கென்றே 'கிதாபுல் பவ்ல்' என்ற நூலை அரபியில் இயற்றினார். 11ஆம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவிலும் பயிலப்பட்டது. இப்னு சீனா (980–1037) தமது 'அல்-கானூன்' நூலில் நிறம், அடர்த்தி, தெளிவு, வண்டல், அளவு, மணம், நுரை என ஏழு கூறுகளை வகுத்தார். யூனானி ஹகீம்கள் இச்சோதனையைக் காரூரா என்பர். அரபியில் கண்ணாடிக் குப்பி என்று பொருள். நம் சித்த மருத்துவத்தின் நீர்க்குறி, நெய்க்குறிச் சோதனைகளும் இத்தகையனவே.

இங்கு நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. சிறுநீர் நஜீஸ் என்பதை அம்மருத்துவர்கள் நன்கறிவர். தொழுகைக்கு முன் அதிலிருந்து தூய்மை பெறுவது மார்க்கச் சட்டம். நோயறிய அதை ஆராய்வதற்கு அச்சட்டம் ஒருபோதும் தடையாக இருந்ததில்லை.

இப்னு சீனா விதித்த நிபந்தனைகளும் கவனிக்கத்தக்கவை. காலையில் முதலில் கழியும் நீராக இருக்க வேண்டும். அதற்கு முன் உண்டிருக்கவோ பருகியிருக்கவோ கூடாது. குங்குமப்பூ போன்ற நிறமூட்டும் பொருள்களை உட்கொண்டிருக்கக் கூடாது. கடும் உழைப்பும் கோபமும்கூட நீரின் தன்மையை மாற்றும் என எச்சரித்தார். இந்நுணுக்கத்தை மறந்து, குப்பியைப் பார்த்த மாத்திரத்தில் அனைத்தையும் சொல்லிவிடுவோம் என்று வயிறு வளர்த்தோரும் தோன்றினர். இங்கிலாந்தில் 1637இல் தாமஸ் பிரையன் என்பவர் அத்தகையோரைக் கண்டித்துத் தனி நூலே எழுத நேர்ந்தது.

இப்பழைய கலைக்கு 20ஆம் நூற்றாண்டில் புதிய வாழ்வு கிடைத்தது. 1971இல் அமெரிக்க வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங், மனித மூச்சுக்காற்றில் சுமார் 250 வகைச் சேர்மங்கள் இருப்பதைக் கருவியின் துணையால் காட்டினார். எளிதில் ஆவியாகும் இவற்றுள் பல, உடலின் செல்கள் இயங்கும்போது உண்டாகின்றன. புற்றுநோய் செல்களின் இயக்கம் மாறுபடுவதால் சேர்மங்களின் அளவும் மாறக்கூடும். அவை இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியே மூச்சிலும், சிறுநீரகம் வழியே நீரிலும் வெளிப்படுகின்றன.

1989இல் இலண்டன் மருத்துவர் இருவர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். ஒரு பெண்ணின் காலிலிருந்த மச்சத்தை அவருடைய வளர்ப்பு நாய் விடாது முகர்ந்தது. சோதித்தபோது அது தோல் புற்றுநோய். 2004இல் இங்கிலாந்தில் ஆறு நாய்களுக்குப் பயிற்சியளித்தனர். ஏழு சிறுநீர் மாதிரிகளுள் ஒன்று மட்டும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளியுடையது. 54 முயற்சிகளில் 22 முறை, அதாவது 41 விழுக்காடு, அவை சரியாகக் காட்டின. குருட்டாம்போக்கில் கிடைக்கக்கூடியது 14 விழுக்காடே. பயிற்சியின்போது, நோயற்றவர் எனக் கருதப்பட்ட ஒருவரின் மாதிரியை எல்லா நாய்களும் சுட்டின. மறுசோதனையில் அவருடைய சிறுநீரகத்தில் புற்றுநோய் இருந்தது! பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை நாய் பிடித்துத் தருவதை அல்குர்ஆன் அனுமதித்திருப்பதை அறிந்த நமக்கு, பயிற்சியின் மதிப்பு புதிதன்று.

ஆயினும் 41 விழுக்காடு என்பது, பாதிக்கு மேற்பட்ட முயற்சிகள் தவறின என்றும் பொருள்படும். மின்னணு மூக்குகளும், சேர்மங்களைப் பிரித்தளக்கும் நுண்கருவிகளும் இன்று ஆய்வில் உள்ளன. அவற்றுக்கும் இப்னு சீனா கண்ட அதே இடர்ப்பாடுதான்: உண்ட உணவு, புகைப்பழக்கம், மருந்து, அறையின் காற்று ஆகிய அனைத்தும் அளவை மாற்றிவிடுகின்றன. இரைப்பைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியை அறியும் மூச்சுச் சோதனை மருத்துவமனைகளில் வழக்கத்தில் உள்ளது. ஆனால் புற்றுநோயை உறுதிசெய்ய இன்றும் திசுவை எடுத்துச் சோதிப்பதே முறை.

ஆகவே, ஓர் ஊதலில் எல்லாவற்றையும் சொல்கிறோம் என்போரிடம் நம் குடும்பத்தார் பொருளை இழக்க வேண்டாம். வருங்காலக் கருவிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் தென்பட்டாலும், மூன்று வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தாலும் மருத்துவரை அணுகுங்கள். குறிப்பாக நம் தாய்மார்கள், வெட்கத்தின் பொருட்டு இவற்றை மறைத்து மாதங்களைக் கடத்திவிடுகின்றனர். வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால், நோயை மறைத்து உயிரை அழிவுக்கு உள்ளாக்குவது அந்த வெட்கத்தில் சேராது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

வல்ல அல்லாஹ் நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், நம் அனைவருக்கும் காலத்தே விழித்துக்கொள்ளும் நல்லறிவையும் அருள்வானாக.