கதவு எண் யாருடைய சொத்து?

கோபன்ஹேகனில் அடுக்குமாடி வீடு ஒன்றின் முகவரி தெருப்பெயர், கதவு எண், மாடி எண்ணோடு முடிவதில்லை. படியேறி வந்து நின்றால் வீடு இடக்கைப் பக்கமா, வலக்கைப் பக்கமா, நடுவிலா என்பதும் இரண்டெழுத்துச் சுருக்கமாக அதில் இடம்பெறும். இந்த இடப்பக்கம், வலப்பக்கத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் வீட்டுக்காரருக்கும் இல்லை, தபால்துறைக்கும் இல்லை, நகராட்சிக்கே உண்டு. வாசல் இருக்கும் புள்ளியின் ஆயத்தொலைவை வரைபடத்தில் பதிய வேண்டிய பொறுப்பும் நகராட்சியுடையதே. டென்மார்க் முழுவதும் இப்படிப் பதிவான வாசல்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பார்சல் கொண்டுவருபவர், வரித்துறை, காப்பீட்டு நிறுவனம் என எல்லாரும் நம்பியிருப்பது அந்தப் புள்ளியைத்தான்.

புவியியல் தரவுப் பகிர்வு பற்றிய எழுத்தில் பெரும்பகுதி கோப்பு வடிவம், தரநிலை, சர்வர் என்றே போகிறது. அவை வேண்டாதவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் கடந்த கால் நூற்றாண்டில் உள்ளாட்சிகளின் கூட்டு முயற்சிகள் தழைத்ததையும் முறிந்ததையும் பார்த்தால், விஷயம் பணக் கணக்கில்தான் போய் நிற்கிறது. தரவைத் திரட்டும் செலவு நகராட்சியின் தலையில் விழுகிறது. பலனோ நாடெங்கும் பரவிப் போகிறது. இந்தக் கணக்கை முதலில் தீர்த்துக்கொண்ட இடங்களில் தரநிலையும் மென்பொருளும் பின்னால் வந்து சேர்ந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டென்மார்க்கில் கட்டடங்களுக்கும் குடியிருப்புகளுக்குமான தேசியப் பதிவேடு 1977 முதல் இருக்கிறது. அதை நிரப்பியவை நகராட்சிகள். பதிவேடு பொதுவானதாக இருந்தும், முகவரித் தரவு வேண்டுவோர் நகராட்சிகளிடம் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அப்போது 270-க்கும் மேற்பட்ட நகராட்சிகள். நாடு முழுவதற்கும் தரவு வேண்டும் என்றால் எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டும் என்று எண்ணிப் பார்த்தாலே ஒரு சிறு நிறுவனம் பின்வாங்கிவிடும். 2002-இல் அரசும் நகராட்சிகளின் தேசியச் சங்கமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. முகவரித் தரவை யாரும் எந்தப் பயனுக்கும் எடுத்துக்கொள்ளலாம். விநியோகச் செலவை மட்டும் கொடுத்தால் போதும். விற்பனை வருவாயை இழந்த நகராட்சிகளுக்கு அரசு ஈட்டுத்தொகை கொடுத்தது. பின்னாளில் இந்த உடன்பாட்டைப் புகழ்ந்தவர்களில் பலர் ‘இலவசம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஈட்டுத்தொகையை மறந்துவிட்டார்கள். உடன்பாட்டைத் தாங்கிய தூண் அதுதான்.

பலன் எவ்வளவு? 2010-இல் வெளியான மதிப்பீடு ஒன்று, 2005 முதல் 2009 வரையிலான நேரடிப் பொருளாதாரப் பலன் சுமார் 6.2 கோடி யூரோ என்றும், அதுவரையான செலவு சுமார் 20 லட்சம் யூரோ என்றும் கணக்கிட்டது. 2010-இன் பலனில் ஏறத்தாழ 70 விழுக்காடு தனியார் துறைக்கும் 30 விழுக்காடு பொதுத்துறைக்கும் போகும் என்றும் எதிர்பார்த்தது. இந்த எண்களை அப்படியே விழுங்கத் தேவையில்லை: மதிப்பிட்டது, திட்டத்தை நடத்திய அரசு அமைப்பேதான். தன் பிள்ளைக்குத் தானே போட்ட மதிப்பெண். ஆனாலும் செலவுக்கும் பலனுக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு பெரியது. பாதியைத் தள்ளிவிட்டாலும் வாதம் சாயாது.

2007-இல் டென்மார்க் தன் உள்ளாட்சி அமைப்பையே மாற்றி, 271 நகராட்சிகளை 98 ஆக இணைத்தது. நேற்றுவரை தனித்தனி ஊர்களில் இருந்த ஒரே பெயர்கொண்ட தெருக்கள் ஒரே நகராட்சிக்குள் வந்து விழுந்தன. குழப்பம் வரத்தான் செய்தது. ஆனால் அதைத் தீர்க்க வேண்டியவர் யார், திருத்தம் எங்கே பதிவாக வேண்டும் என்பதில் ஐயம் இருக்கவில்லை. 2013 ஜனவரி 1 முதல் அரசின் வரைபடங்களும் பிற புவித் தரவுகளும் கட்டணமின்றித் திறக்கப்பட்டபோது, முகவரி அந்தப் பாதையில் பத்தாண்டு முன்னே போயிருந்தது.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கும் தெருவுக்குப் பெயரும் வீட்டுக்கு எண்ணும் கொடுப்பது உள்ளூர் மன்றம். தபால் குறியீட்டைச் சேர்ப்பது ராயல் மெயில். கட்டடத்தை அளந்து வரைபடத்தில் ஏற்றுவது அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே. மூவரும் தனித்தனிப் பட்டியல் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அது விற்பனைச் சரக்கு. பட்டியல்களும் பொருந்தவில்லை. ராயல் மெயிலின் பட்டியலில் இருப்பவை தபால் போய்ச் சேரும் இடங்கள் மட்டுமே. கடிதமே வராத தேவாலயத்துக்கோ மின்மாற்றிக் கட்டடத்துக்கோ அதில் இடமில்லை. தீயணைப்பு வண்டிக்கோ அந்த இடங்களும் வேண்டும். அவை உள்ளூர் மன்றத்தின் பதிவேட்டில் இருந்தன.

உள்ளூர் மன்றங்கள் தங்கள் பதிவேடுகளை ஒரே தரநிலையில் இணைத்துத் தேசியப் பட்டியல் ஒன்றை உருவாக்கின. ஒவ்வொரு சொத்துக்கும் 12 இலக்கம் வரையிலான தனி எண் தரப்பட்டது. தொழில்நுட்பம் வேலை செய்தது. மூன்று பட்டியல்களையும் ஒன்றாக்கும் அரசு முயற்சிகள்தான் அறிவுசார் சொத்துரிமைச் சண்டையில் அடுத்தடுத்துக் கைவிடப்பட்டன. விளைவாக, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் புள்ளிவிவர அலுவலகம் இம்மூன்றையும் ஒப்பிட்டுத் தனக்கென்று இன்னொரு முகவரிப் பதிவேட்டைக் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரே நாட்டு மக்களின் வரிப்பணத்தில் நான்காவது பட்டியல்! ஏறக்குறைய அதே சமயத்தில்தான் உள்ளாட்சிகளின் சங்கமும் ஆர்ட்னன்ஸ் சர்வேயும் சேர்ந்து ஜியோபிளேஸ் என்ற கூட்டு அமைப்பைத் தொடங்கின. பொதுத்துறைக்குள் தரவு தடையின்றி ஓடத் தொடங்கியது.

வெளியே ஓடவில்லை. 2013-இல் ராயல் மெயில் தனியார்மயமானபோது அதன் முகவரிக் கோப்பும் சேர்ந்தே போயிற்று. அது தவறு என்று நாடாளுமன்றக் குழு ஒன்று அடுத்த ஆண்டே கண்டித்தது, போனது போனதுதான். 2020 ஜூலையில் அந்தத் தனி எண்கள் திறந்த உரிமத்தில் வெளியாயின. பதிவிறக்கினால் கிடைப்பது எண்ணும் ஆயத்தொலைவும் மட்டுமே. முகவரி வரிகள் அதில் இல்லை. அந்த இடத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரியும், அதன் பெயர் வேண்டுமென்றால் காசு. தெருவுக்குப் பெயரிட்டது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் என்பதை நினைத்தால் இந்த ஏற்பாட்டின் விசித்திரம் புரியும்.

டென்மார்க் சிறிய நாடு, அரசு ஒப்புக்கொண்டால் எல்லாம் நடந்துவிடும் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. எனவே மேலிருந்து ஆணையிட யாருமில்லாத ஓர் இடத்தையும் பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் பெருநகரப் பகுதியில் ஏழு கவுண்டிகள். மனைப் பதிவேடு கவுண்டியின் கையில். ஒவ்வொன்றுக்கும் தனி முறை. கழிவுநீர்க் குழாய் கவுண்டி எல்லையில் நிற்பதில்லை, கொசுவும் நிற்பதில்லை. (ஏழு கவுண்டிகளுக்கும் பொதுவாக ஒரு கொசு ஒழிப்பு வாரியமே அங்கு இருக்கிறது.) 1990-களின் நடுவில் மெட்ரோஜிஐஎஸ் என்ற கூட்டமைப்பு உருவானது. அதற்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் கொள்கைக் குழுவில் அமர்ந்தார்கள். ஏழு கவுண்டிகளுக்கும் பொதுவான திட்டமிடல் அமைப்பான பெருநகர மன்றம் செலவை ஏற்று, தரவுக்காகக் கவுண்டிகளுக்குப் பணமும் கொடுத்தது.

முதலில் பகிர்வு அரசு அமைப்புகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மட்டுமே. தனியார் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். அந்த வருவாயை விட்டுவிடக் கவுண்டிகளுக்கு மனம் வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 2014-ஐ ஒட்டித்தான் அவை ஒவ்வொன்றாகத் தத்தம் தரவைத் திறந்துவிட்டன. மெதுவான பாதைதான், ஆயினும் யாரும் பாதியில் விலகிப் போகவில்லை, ஏனென்றால் யாரும் நஷ்டத்தில் சேரவில்லை. கவுண்டிகள் தத்தம் முறையிலேயே மனைகளைப் பதிவதும், பெருநகர மன்றம் காலாண்டுக்கு ஒருமுறை ஏழையும் திரட்டி ஒரே அட்டவணை வடிவத்துக்கு மாற்றி வெளியிடுவதும் வழக்கமாயிற்று. மாற்றும் வேலைக்கான ஆளும் சம்பளமும் மன்றத்தின் பொறுப்பு.