கடலுக்கும் ஓய்வு வேண்டும்

ஏரி வற்றினால் ஊரார் கண்ணுக்குத் தெரியும். கடலடியில் கிடக்கும் செல்வம் வற்றினாலோ, அது தீரும் தறுவாயில்தான் தெரிய வருகிறது. ஐயங்கார்குளம் போன்ற உள்நாட்டுச் சிற்றூர்களில் வாழும் நமக்குக் கடல் தொலைவானதுதான். எனினும் கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு நம் பழைய கட்டடங்களின் பூச்சிலும் வெற்றிலைத் தட்டிலும் இடம்பெற்றதை நாம் அறிவோம். பொதுநீரை அளந்து பயன்படுத்த வேண்டும் என்பதும் ஏரியை நம்பிய ஊருக்குப் புதிய பாடமன்று.

தமிழ்க் கடற்கரையில் இப்பாடத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. புனித சவேரியார் 1542-இல் வந்தடைந்த முத்துக்குளித்துறையில் ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்ததில்லை. சிப்பிகள் முதிரும்வரை கடலடிப் பார்கள் ஓய்ந்து கிடக்கும். ஆங்கிலேயர் ஆட்சியில் அதிகாரிகள் முதலில் பார்களைப் பார்வையிடுவர். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்துகளை மதிப்பிடுவர். அதன் பின்னரே குளிப்புக்கு நாள் குறிப்பர். அவர்களது நோக்கம் பெரிதும் அரசின் வருவாயே. ஆயினும் எடுப்பதற்கு முன் எண்ணிப் பார்க்கும் ஒழுங்கு அங்கே இருந்தது.

அந்த ஒழுங்கும் எப்போதும் காக்கவில்லை. 1905-இல் இலங்கைக் கரையில் ஒரே பருவத்தில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டு அப்பார்கள் ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907-க்குப் பின் பல ஆண்டுகள் அங்கே குளிப்பே நடைபெறவில்லை. தூத்துக்குடியிலும் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பு அத்துடன் முடிவுற்றது. இயற்கையின் ஏற்ற இறக்கங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் இயற்கை தளர்ந்திருக்கும் வேளையில் மனிதன் கைநீட்டினால், இழப்பு இரட்டிப்பாகிறது.

இதே பாடத்தை மேலை நாடுகள் 1992-இல் கற்றன. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் நூற்றாண்டுகளாகப் பிடிக்கப்பட்டு வந்த காட் மீன் வளம் சரிந்து, அம்மீன்பிடிப்பே தடை செய்யப்பட்டது. பல்லாயிரவர் வேலை இழந்தனர். இத்தகைய அதிர்ச்சிகளின் பின்னணியில் 1997-இல் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்னும் அமைப்பு தோன்றியது. 'ஸ்டூவர்ட்' என்பவன் பிறர் உடைமையைப் பொறுப்புடன் காக்கும் பணியாளன். உயிரினத்தின் எண்ணிக்கை குறையாதிருக்கிறதா? சுற்றியுள்ள நீர்வாழ்வு சிதையாதிருக்கிறதா? விதிகள் வகுக்கப்பட்டுக் கடைப்பிடிக்கப்படுகின்றனவா? இம்மூன்று வினாக்களுக்கும் தக்க விடை தரும் மீன்பிடிப்புக்கே சான்று கிடைக்கும்.

இந்தியாவில் அச்சான்றை முதன்முதலில் பெற்றவர்கள் பெருங்கப்பல் உரிமையாளர்கள் அல்லர். கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் மூழ்கி மட்டி அள்ளும் எளிய தொழிலாளர்கள். 1329-இலேயே மறைமாவட்டமாக நிறுவப்பட்ட தொன்மையான நகர் கொல்லம். அதன் அருகே எட்டுக் கிளைகளாக விரிந்து கடலில் கலக்கும் காயலின் முகத்துவார மணலில், மலையாளிகள் பூவன் கக்கா என்றழைக்கும் மட்டி விளைகிறது. ஆண்கள் நீரில் இறங்கிக் கையாலும் வாரியாலும் அள்ளுவர். கரையில் அதை வேகவைத்துச் சதையைப் பிரிப்பதில் பெண்களின் உழைப்பே மிகுதி.

1980-களில் வியட்நாம், தாய்லாந்து, மலேசியா நாடுகளிலிருந்து வாங்குவோர் பெருகினர். 1991-இல் பிடிப்பு ஏறத்தாழ 10,000 டன்னைத் தொட்டது. 1993-இல் அது பாதியாகச் சரிந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகள் வழிகாட்ட, கட்டுப்பாடுகள் வந்தன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மட்டி இனம் பெருகும் மூன்று மாதங்கள், அள்ளக் கூடாது. சிறு மட்டிகள் நழுவி விழும்படி வலைக்கண் அகன்றிருக்க வேண்டும். ஒரு கிலோ சதையில் 1400-க்கு மேற்பட்ட மட்டிகள் இருந்தால், அவை வளராதவை, ஏற்றுமதிக்கு ஆகா. விதிகள் நிலைத்தன, காயல் மீண்டது. 2014 நவம்பரில் அஷ்டமுடிக்குச் சான்று வழங்கப்பட்டது. தொழிலாளரும் அரசுத் துறையினரும் ஆய்வாளரும் ஒருங்கே அமர்ந்து முடிவெடுக்கும் குழுவும் உருவாயிற்று.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மூன்று மாத ஓய்வு என்பது காயலுக்கு வாழ்வு. ஆனால் அன்றாடம் உழைத்து உண்ணும் குடும்பத்திற்கு அது மூன்று மாத வெற்று அடுப்பாகவும் ஆகலாம். அயல்நாட்டுக் கடையில் நீல முத்திரையைப் பார்த்து மனநிறைவோடு வாங்குபவர் அந்த அடுப்பைப் பார்ப்பதில்லை. எளியோரின் தன்னடக்கத்தின் மேல்தான் அம்முத்திரை நிற்கிறது.

ஆனால் அத்தன்னடக்கம் மட்டும் போதவில்லை. சான்று பெற்ற பின்னரும், பிற்பட்ட ஆண்டுகளில் அஷ்டமுடியில் மட்டி வளம் குன்றியது. நீர் மாசும், தட்பவெப்ப மாற்றமும், அயலிலிருந்து வந்து பரவிய வேற்றுச் சிப்பியினமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவற்றுள் எதுவும் மட்டி அள்ளுவோரின் கைவேலை அன்று. 2020-க்குப் பிந்திய ஆண்டுகளில், அதே ஆராய்ச்சி நிலையம் விழிஞ்ஞத்தில் வளர்த்த மட்டிக் குஞ்சுகளை இலட்சக்கணக்கில் காயலில் விட்டு, வளத்தை மீட்க முயன்று வருகிறது.

முத்துக் கரையில் ஆட்சியாளர் எண்ணிப் பார்த்தனர். எண்ணியது தம் கருவூலத்துக்காக. அஷ்டமுடியில் அள்ளுவோரே எண்ணிப் பார்த்தனர். எண்ணியது நாளைய தலைமுறைக்காக. இது வரலாற்றில் சிறிய முன்னேற்றம் அன்று. இனி எஞ்சியிருப்பது மூன்றாவது படி. காயலில் கழிவைக் கலக்கும் நகரமும், அதன் விளைவை உண்ணும் சந்தையும் தங்கள் பங்குக்கு எதைக் குறைத்துக் கொள்ளப் போகின்றன? மூன்று மாதம் கைகட்டி நின்றவன் தன் சான்றைக் கொடுத்துவிட்டான். மற்றவர்களின் சான்றுக்காகக் காயல் காத்திருக்கிறது.