சிறுவீட்டுப் பொங்கல்: நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கான பொங்கல்

1/ சூரியனுக்கு ஒரு பொங்கல், மாட்டுக்கு ஒரு பொங்கல், இது எல்லாருக்கும் தெரியும். எங்க சங்கரன்கோவில் இருக்கிற இந்த நெல்லை, தென்காசிச் சீமையில பொம்பளப் பிள்ளைகளுக்குன்னே ஒரு பொங்கல் உண்டு. பேரு சிறுவீட்டுப் பொங்கல். அதோட கதை ரொம்பப் பழசு.

2/ மார்கழி விடியக்காலையில வாசல் தெளிச்சு, கோலத்து நடுவுல சாணி உருண்டை பிடிச்சு அதுல பூசணிப்பூ செருகுவாங்க. சாயங்காலம் அதைத் தூக்கிப் போட மாட்டாங்க. பூவோட சேர்த்து எருவாத் தட்டிக் காய வைப்பாங்க.

3/ தைப்பொங்கல் முடிஞ்சு தை மாசத்துக்குள்ள ஒரு நாள், களிமண்ணால பிள்ளைகளுக்கு ஒரு குட்டி வீடு கட்டுவாங்க. அதுக்கு முன்னாடி பிள்ளைகளுக்காகப் பொங்கல் விடுவாங்க. பிறகு பொங்கலையும் சேர்த்து வச்ச எருவையும் எடுத்துப் போய், கும்மியடிச்சு, ஆத்துலயோ குளத்துலயோ விடுவாங்க.

4/ இப்போ பரிபாடலுக்கு வாங்க. வைகையைப் பாடுற 11வது பாட்டுல, மழை ஓய்ஞ்ச மார்கழித் திருவாதிரையில சின்னப் பெண்கள் குளிர்ந்த ஆத்துல நீராடுறாங்க. அம்மாக்கள் பக்கத்துலயே நிக்கிறாங்க. பிள்ளைகள் வேண்டுறது என்ன தெரியுமா? நிலம் வெம்பாம குளிரணும்! தைந்நீராடல்னு சொல்றது இதைத்தான்.

5/ அடுத்தது ஆண்டாள், எங்களுக்கு வடக்கே இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க. திருப்பாவையில மார்கழி நோன்பு. நாச்சியார் திருமொழி தொடங்குறதே தை மாசத்துல. அடுத்த பத்துப் பாட்டு முழுக்க, நாங்க கட்டின மணல் வீட்டைக் கலைக்காதேன்னு கண்ணன்கிட்ட கெஞ்சல். அந்தச் சிற்றிலுக்கும் நம்ம சிறுவீட்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான்.

6/ மார்கழி, தை, தண்ணி, குட்டி வீடு, பொம்பளப் பிள்ளைகள். இதெல்லாம் இத்தனை நூற்றாண்டா சேர்ந்தே வருது. அறுவடைக்கு நன்றி சொல்ற மாசத்துல, நாளைக்கு வீட்டைத் தாங்கப் போற பிள்ளையையும் நம்ம முன்னோர்கள் கொண்டாடியிருக்காங்க. எனக்கு இந்தப் பண்டிகையில பிடிச்சதே அதுதான்.

7/ இப்போ முற்றம் சிமெண்டுத் தரை ஆயிட்டு. சாணி கிடைக்கல, குளத்துல தண்ணி இல்ல. சிறுவீடு கட்டுற வீடுகள் குறைஞ்சுட்டே வருது.

8/ டாக்டரா ஒரு விஷயம் சொல்லணும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. ஓபி-க்குத் தலைசுத்தல்னு வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இமையை இழுத்துப் பார்த்தா வெளுத்துக் கிடக்கு. "காலையில என்னம்மா சாப்பிட்ட?"ன்னா பல பேர் சொல்ற பதில், "ஒண்ணும் சாப்பிடல சார்."

9/ நெல் விளைஞ்ச வீட்டுல, அரிசி மூட்டை இருக்கிற வீட்டுல, பிள்ளை வெறும் வயித்தோட பள்ளிக்கூடம் போனா நாம யாருக்கு நன்றி சொல்லி என்ன பிரயோசனம்?

10/ அதனால இந்தத் தையில முடிஞ்சா ஒரு சிறுவீடு கட்டுங்க. மொட்டை மாடியில நாலு செங்கல் வச்சாலும் போதும். கட்ட முடியலையா, பரவாயில்ல. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை பிள்ளை தட்டுல தவறாம இருக்கட்டும். பள்ளிக்கூடத்துல வாரா வாரம் தர்ற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டதும் போடச் சொல்லுங்க. சோர்வு, மூச்சு வாங்கல், அதிக ரத்தப்போக்கு இருந்தா பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம்தான்.

11/ உங்க ஊர்ல சிறுவீட்டுப் பொங்கல் உண்டா? என்ன பாட்டுப் பாடுவீங்க? கமெண்ட்ல எழுதுங்க. ஆச்சிமார்கிட்டயும் கேட்டு எழுதுங்க.