மேலூரிலிருந்து சமையல் மேடைவரை

கிரானைட் கடையில் வெளிர்சாம்பல் நிறத்தில், ஆங்காங்கே கருஞ்சிவப்புப் புள்ளிகளோடு சாய்த்து வைத்திருப்பார்களே, அதுதான் ‘காஷ்மீர் ஒயிட்’. காஷ்மீருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கல் இது. சிவப்பாகத் தெரிபவை கார்னெட் என்ற கனிமம். பூமிக்கு வெகு ஆழத்தில், வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் பழைய பாறை உருமாறியபோது உண்டானவை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கதை. நிலவியல் படித்தவர் இதைக் கிரானைட் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ‘கருப்பு கிரானைட்’ என்று விற்பதும் பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோதான். நல்ல பாலீஷ் ஏறும் கடினமான கல்லெல்லாம் வியாபாரத்தில் கிரானைட்.

குவாரியில் கண்டபடி வெடி வைத்தால் ஜல்லிதான் மிஞ்சும். மேடைக்கு விரிசல் இல்லாத பிளாக் வேண்டும். அதனால் பாறையில் துளை போட்டு, வைரத்துணுக்குப் பதித்த மணிகள் கோத்த கம்பியை உள்ளே விட்டு, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே அறுக்கிறார்கள். ஒரு கன மீட்டர் கல் சுமார் 2.7 டன் எடை.

மேலூர்க் கல்லின் வரலாற்றில் ஓர் அசிங்கமான அத்தியாயமும் உண்டு. அனுமதியில்லாமல் மலைகளை வெட்டி எடுத்ததால் அரசுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் இழப்பு என்று 2012இல் மதுரை ஆட்சியராக இருந்த சகாயம் அறிக்கை கொடுத்தார். 2014இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு அமர்த்தியது. மறு ஆண்டு அவருடைய அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. சமண முனிவர்களின் படுக்கைகளும் தமிழி கல்வெட்டுகளும் உள்ள குன்றுகள் நிறைந்த வட்டாரம் அது. சதுர அடி விலையில் இந்தக் கணக்கெல்லாம் வராது.

தொழிற்சாலையில் பிளாக்கை ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் கனப் பலகைகளாக அறுத்து, பாலீஷ் போட்டுக் கடைக்கு அனுப்புகிறார்கள். எதை வாங்குவது என்று நாம் தடுமாறுவது இங்கேதான்.

நம் சமையலில் புளி, எலுமிச்சை, தயிர் இல்லாத நாள் கிடையாது. மார்பிளும், பழைய வீடுகளின் கடப்பைக் கல்லும் சுண்ணாம்பு வகை. புளித்தண்ணீர் சற்று நேரம் நின்றால் அந்த இடம் மட்டும் பளபளப்பு இழந்து திட்டாகத் தெரியும். காஷ்மீர் ஒயிட்டுக்குப் புளி பயமில்லை. கத்தி பட்டாலும் சுலபத்தில் கீறல் விழாது. அதன் எதிரி எண்ணெய். நுண்துளைகள் அதிகமுள்ள கல். தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஓயாமல் நிற்கும் இடத்தில் கல்லுக்குள் இருக்கும் இரும்புச் சத்து துருப்பிடித்து மஞ்சளிக்கும். நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூசலாம், ஆனால் அவ்வப்போது திரும்பப் பூச வேண்டும். எத்தனை வீட்டில் அதை நினைவு வைத்திருப்பார்கள்?

குவார்ட்ஸ் என்று விற்பது கல்தூளைப் பிசினோடு சேர்த்து ஆலையில் அழுத்திச் செய்வது. கறை உள்ளே இறங்காது. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை அப்படியே வைத்தால் பிசின் கருகும்.

என்னைக் கேட்டால் சமையல் மேடைக்கு அடர்த்தியான கருப்புக் கல்லே போதும். காஷ்மீர் ஒயிட் ஆசையைக் கூடத்திலோ மாடிப்படியிலோ தீர்த்துக்கொள்ளுங்கள். மார்பிளைப் பூஜை அறையோடு நிறுத்திவிடலாம். குளியலறையில் வாஷ் பேசினைச் சுற்றியும் கருப்புதான் நல்லது, சோப்புக்கறை தெரியும் என்றாலும். எதை வாங்கினாலும் அதே பலகையின் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். துடைத்த பிறகும் அந்த இடம் கருத்திருந்தால் அது தண்ணீர் குடிக்கும் கல். இன்னொரு மூலையில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். மங்கினால் அது சுண்ணாம்பு வகை.

வீட்டுக்கு வரும் பத்தடி நீள, இரண்டடி அகலப் பலகை 100 கிலோவைத் தொடும். படுக்கை வாக்கில் தூக்கினால் தன் எடையிலேயே முறியும் என்பதால் நிமிர்த்தித்தான் தூக்குவார்கள். பிறகு சிங்க்குக்கு வெட்டும் வேலை. வீடெங்கும் வெண்புகையாகப் பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. மூச்சோடு போய் நுரையீரலைத் தழும்பாக்கும். சிலிக்கா மிக அதிகமுள்ள, குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல்லை ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தடை செய்ததற்கு இந்த நுரையீரல் நோய்தான் காரணம். இயற்கைக் கல்லின் தூசியும் ஆபத்தில்லாதது அல்ல. ஆகவே கல் வெட்ட வருபவரிடம் தண்ணீர் ஊற்றியே வெட்டச் சொல்லுங்கள். நல்ல முகக்கவசம் ஒன்றையும் வாங்கிக் கொடுங்கள்.