அனுமதிச் சீட்டு

ஓர் அருவியைப் பார்க்கவும் அனுமதிச் சீட்டா என்று எனக்கு எரிச்சல் வந்தது வாஸ்தவம்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கான்யன் என்னும் மகா பள்ளத்தாக்கின் ஒரு கிளையில் இருக்கிறது ஹவாசு அருவி. ஹவாசுபாய் என்ற பூர்வகுடிகளிடம் முன்கூட்டியே பணம் கட்டி அனுமதி பெற வேண்டும். அன்றே போய் அன்றே திரும்பவும் விடமாட்டார்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் இறங்கத் தொடங்கினேன். மேட்டின் விளிம்பிலிருந்து சுபாய் கிராமம் 8 மைல். வெயில் ஏற ஏறச் செம்பாறைகள் அடுப்புக்கல்லாய்ச் சுட்டன. வழியில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. கொண்டுபோனதில் பாதியை முதல் மணி நேரத்திலேயே தீர்த்துவிட்டேன். கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து நின்றார்.

"நிழலில் சற்று உட்கார்ந்து போங்கள். தண்ணீர் எங்கும் ஓடிவிடாது" என்றார்.

கிராமத்தை நெருங்கும்போது ஓடை தென்பட்டது. அங்கிருந்து இன்னும் 2 மைல் நடந்தால் அருவி. சுமார் 100 அடி உயரத்திலிருந்து விழுகிறது. சுண்ணாம்புச் சத்து கரைந்த அந்த நீரின் நிறம் நீலமுமல்ல, பச்சையுமல்ல. ஹவாசுபாய் என்றாலே 'நீலப்பச்சை நீரின் மக்கள்' என்றுதான் பொருள்.

கோடையில் பள்ளத்தாக்கில் சோளமும் அவரையும் பயிரிடுவார்கள். குளிர்காலத்தில் மேட்டுக்குப் போய் வேட்டையாடுவார்கள். இதுதான் அவர்களுடைய பழைய வாழ்க்கை. 1882-ல் ஜனாதிபதி செஸ்டர் ஆர்தரின் உத்தரவு அவர்களுக்கு மிச்சம் வைத்தது 518 ஏக்கர். மேட்டு நிலம் பறிபோயிற்று. அருவியும் அவர்கள் எல்லைக்கு வெளியே போயிற்று. 1919-ல் கிராண்ட் கான்யன் தேசியப் பூங்காவாயிற்று. பாட்டன் பூட்டன் திரிந்த மேட்டில் தங்கள் குதிரையை மேய்க்கவும் அவர்கள் சர்க்காரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 93 வருஷம் கழித்து, 1975 ஜனவரியில், ஜனாதிபதி போர்டு கையெழுத்திட்ட சட்டத்தால் சுமார் 1,85,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. அருவியும் வீடு திரும்பியது.

இது தெரிந்த பிறகு சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். வேர்வையில் நனைந்திருந்தது. கவனமாக உலர்த்தி, மடித்து வைத்துக்கொண்டேன்.

திரும்பும் நாளன்று ஏற்றத்தில் வெயில் கொஞ்சமும் குறையவில்லை. பெரியவர் சொன்னபடி, நிழல் கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்து ஏறினேன்.